முன்பணமும் மனிதரும்

வாங்கிய கடனை அடைத்தே தீர வேண்டும் என்பதில் ஏழைகளுக்கு இருக்கும் பிடிவாதத்தைக் கொத்தடிமைகளை மீட்கப் போகிறவர்கள் நேரில் பார்க்கிறார்கள். ‘அட்வான்ஸ் இன்னும் கழியலையே, எப்படி வர்றது?’ என்று தயங்கி நிற்பவர்கள் உண்டு. வெளியில் இருப்பவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்: சம்மதித்துத்தானே பணம் வாங்கினார்கள்?

சொன்ன சொல்லைக் காப்பது அறம்தான். செங்கல் சூளையையே எடுத்துக்கொள்ளுங்கள்; அது பருவத் தொழில். முன்பணம் தராமல் ஆள் சேர்ப்பது கடினம். வாங்கிக்கொண்டு வராமல் போகிறவர்களால் முதலாளிக்கு நட்டம் என்பதும் பொய்யல்ல. ஆனால் கடன் கொடுத்த வேறு எவரையும் போல அவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆளைப் பிடித்துவைக்க அவருக்கு ஏது உரிமை?

கணக்கு நோட்டு யார் கையில் என்று பார்த்தால் மீதி புரியும். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கல் அறுத்தாலும் கூலி ஒருவர் பெயரில்தான். வாரச் செலவுக்குத் தரும் பணமும் கடனில் ஏறுகிறது. சாவு வீட்டுக்குப் போவதென்றாலும் குடும்பத்தில் ஒருவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். நியாயமான கூலி தந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும் கடன் இது.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே, வறுமையின் நெருக்கடியும் கட்டாயமே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உழைப்பைப் பிணைத்துவைக்கும் இத்தகைய கடனையே ரத்து செய்கிறது. ரத்தான கடனுக்குப் பணம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவரும் கொடுத்தவரே. ஏழையின் நாணயத்தையே அவன் காலுக்கு விலங்காக்குவதைச் சட்டம் சரியாகவே இனங்கண்டிருக்கிறது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அப்போது ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. உரிமையைப் பெற ஒருவர் காலில் விழ நேர்ந்ததே வெட்கக்கேடு.

மீட்பு பாதி வேலைதான். விடுதலைச் சான்றிதழும் உடனடி உதவித்தொகையும் குடியிருக்க இடமும் கிடைக்காவிட்டால், அடுத்த பருவத்தில் அதே குடும்பம் இன்னொரு சூளையில் முன்பணம் வாங்கும். இப்படி அடைபட்டவர்களை அறிந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். குழந்தைகள் இருந்தால் 1098; இலவசச் சட்ட உதவிக்கு 15100. சான்றிதழ் அவர்கள் கைக்கு வந்துவிட்டதா என்றும் விடாமல் கேளுங்கள்.