ஈகையும் பெயர்ப்பலகையும்

சென்ற மகாவீரர் ஜயந்தி விழாவுக்கு மறுநாள், நம் வட்டாரத்து இளைஞர் மன்றம் ஒன்று தன் பொதுக்குழுவைக் கூட்டியிருந்தது. நம் சமுதாய மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்துக்கும், கோடை விடுமுறையில் சிறுவர்க்கு நடத்தும் அறநெறி வகுப்புக்கும் ஆண்டுதோறும் வீடுவீடாகச் சென்று நன்கொடை கேட்கும் நிலை ஒழிய வேண்டும். நிலையான மூலநிதி ஒன்றைத் திரட்டி, முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டே இவற்றை நடத்த வேண்டும் என்பது இளைஞர்களின் விருப்பம். அதை மறுப்பார் அங்கு எவருமில்லை. பேச்சு வளர்ந்ததெல்லாம் நிதியைப் பற்றியன்று; நிதி அளிப்போர் பெயரைப் பற்றியே.

ஒரு இலட்சம் அளிப்போர் பெயர் சலவைக்கல்லில் முதல் வரிசையில் பொன்னெழுத்தில், படத்துடன் பொறிக்கப்படும். ஐம்பதாயிரம் அளிப்போர்க்கு இரண்டாம் வரிசை. பத்தாயிரம் அளிப்போர்க்குக் கீழே சிறிய எழுத்து. அதற்குக் குறைந்தோர் பெயர் விழா மலரில் மட்டும் வரும் என்று செயலாளர் படித்தார். ஒரு பெரியவர் எழுந்து ஐம்பதாயிரம் என்று அறிவித்தார். அவரோடு நெடுங்காலமாக முகங்கொடுத்துப் பேசாத பங்காளி ஒருவர் உடனே எழுந்து ஒரு இலட்சம் என்றார். முன்னவர் அமரவில்லை; ஒன்றரை இலட்சம் என்று திருத்தினார். மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. கால்மணி நேரத்தில் இரண்டரை இலட்சம் சேர்ந்துவிட்டது. நாமும் கைதட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை. வீடு திரும்பும் வழியில்தான் மனம் உறுத்தத் தொடங்கியது.

அந்தத் தொகையால் படிக்கப்போகும் மாணவனுக்கு அது எந்த எண்ணத்தோடு கொடுக்கப்பட்டது என்பதால் யாதொரு குறைவும் இல்லை. கட்டணம் கட்டப்படும், அவன் தேர்வு எழுதுவான். அப்படியாயின் கொடுத்தவர் மனத்தை ஆராய்வானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பங்காளிக் காய்ச்சல் இல்லாதிருந்தால் அன்று ஐம்பதாயிரத்தோடு முடிந்திருக்கும் என்பதும் உண்மையே. ஆகவே இதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

தன்னுடைய பொருளைத் தனக்கும் பிறர்க்கும் நன்மை உண்டாகும்பொருட்டு விட்டுவிடுவதே தானம் என்பது, உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் காட்டும் இலக்கணம். அதற்கு அடுத்தாற்போல், கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவன், பெறுபவன் ஆகிய நான்கின் சிறப்பால் தானம் சிறப்படையும் என்கிறார். நம் மண்டபத்தில் நிகழ்ந்ததை இந்நான்கில் வைத்துப் பார்த்தால், பொருள் நல்ல வழியில் ஈட்டியது. பெறுபவர் தகுதியுடைய மாணவர். குறை முறையிலும் கொடுப்பவர் உள்ளத்திலும்தான் இருக்கிறது. அதே அத்தியாயத்தில் இல்லறத்தாரின் அதிதி சம்விபாக விரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் மாத்சரியம், அதாவது பிற கொடையாளரைக் கண்டு கொள்ளும் பொறாமை, ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. பல நூற்றாண்டுப் பழமையுடைய நூல் நம் பொதுக்குழுவை நேரில் கண்டதுபோல் பேசுகிறது!

ஆயினும் நம் மனத்தை உறுத்தியது அப்பெரியவர்களின் பிழை அன்று. அவர்கள் வினை அவர்களுக்கு. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூவகையாலும் வினை ஊறும் என்று நாம் குழந்தைப் பருவம் முதலே கேட்டிருக்கிறோம். கொலைக்கும் பொய்க்கும் இதைப் பொருத்திப் பார்க்கும் நாம், மானக் கஷாயத்துக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. மூன்று வரிசைகளை வகுத்து, படமும் பொன்னெழுத்தும் காட்டி, ஒருவரது செருக்கைத் தூண்டிப் பொருள் பெற்றவர் செய்வித்தவர் ஆகிறார். கைதட்டிய நாம் உடன்பட்டவர்கள். பெயருக்காகக் கொடுப்பவனைப் பழிப்பது எளிது. பெயரை விலைக்கு வைத்தவர் யார் என்று கேட்பதுதான் கடினம். வடநாட்டுக் கோயில்களில் பூசை உரிமையை ஏலம் விடும் வழக்கத்துக்குப் ‘போலி’ என்று பெயர். அச்சொல் நம் தமிழில் வேறு பொருள் தருவது தற்செயலே. அவ்வழக்கத்தால் எத்தனையோ ஆலயங்கள் புதுப்பிக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் நம் இளைஞர் மன்றத்துக்கு அது வழிகாட்டியாக வேண்டியதில்லை.

அப்படியானால் பெயரே கூடாதா? அவ்வாறு சொல்ல நம் மலைகள் இடந்தரவில்லை. மதுரையை அடுத்த மாங்குளத்தில், கிறித்து பிறப்பதற்கு முன்பே, கணி நந்தன் என்னும் துறவிக்குப் பாழி அமைத்த கடலன் வழுதியின் பெயர் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. அழகர்மலைக் குகைத்தளத்தில் உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன் என்று பலர் காணப்படுகிறார்கள். கழுகுமலையில் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் குறிப்புகள், இன்னார் செய்வித்த திருமேனி என்று சொல்கின்றன. குரத்தியரும் மாணாக்கரும் அவர்களுள் உண்டு. பெயர் பொறிப்பதைப் பாவம் என்று கருதியிருந்தால் இவர்கள் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றை நோக்க வேண்டும். உப்பு விற்றவன் பெயருக்கும் கொழு விற்றவன் பெயருக்கும் அங்கே வரிசை இல்லை. மாங்குளத்திலேயே வெள்ளறை நிகமத்தார் ஒரு கொடை அளித்திருக்கிறார்கள். வணிகர் குழு முழுவதற்கும் அந்த ஒரே பெயர்தான். அவர்களுள் யார் எவ்வளவு தந்தார் என்பது பாறைக்குத் தெரியாது.

போளூர் வட்டத்துத் திருமலையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. மன்னனின் வெற்றிகளையெல்லாம் நீளச் சொல்லிவிட்டு, முடிவில் அது சொல்வது நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை குந்தவை ஜினாலயத்துக்கு அளித்த கொடையை: நந்தா விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு. முப்பது காசு தந்த பெண்ணின் பெயர் கங்கை வரை வென்ற வேந்தனின் பெயரோடு ஒரே பாறையில் நிற்கிறது. இன்ன தொகை, இன்ன செயலுக்கு, இன்ன இடத்துக்கு என்ற விவரம் பெயரினும் முதன்மையாக இருக்கிறது. நாளை எவரேனும் விளக்கை அணைத்தால் கேட்பதற்கு அதுவே சான்று. நம் பலகைகளிலோ பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. எதற்காகக் கொடுத்தார் என்பது மட்டும் இருப்பதில்லை.

இதைவிட வியப்பானது ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவர் மலைக் கல்வெட்டு. முதலாம் இராசராசன் காலத்தில், இலாடராயன் வீரசோழன் தன் தேவியின் வேண்டுகோளுக்கு இணங்கித் திருப்பான்மலைப் பள்ளிச்சந்தத்துக்கு உரிய வருவாயை மீட்டளிக்கிறான். அளித்துவிட்டு, இவ்வறத்தைக் காப்பவனுடைய பாதத்தூளி தன் தலைமேல் இருப்பதாக என்கிறான். நாட்டை ஆள்பவன், இன்னும் பிறக்காத ஏதோ ஒரு பராமரிப்பாளனின் காலடித் தூளைத் தலையில் சுமக்கிறான்! பிற்காலத்தில் கணக்கெழுதப்போகும் இளைஞன் தன்னை வணங்க வேண்டும் என்று நினைக்கும் கொடையாளர்க்கும் இவனுக்கும் எவ்வளவு தொலைவு!

காப்பது என்ற சொல்லை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதுவது அக்கால வழக்கம். ஆடு சாகாதா, மூப்படையாதா? இறந்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளை மந்தையில் நிறுத்தி, எண் குறையாமல் வைத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளப்பது ஏற்றுக்கொண்ட இடையனின் கடமை. மந்தை குறையாத வரையில் விளக்கு எரியும். நம் முன்னோர் கண்ட மூலநிதி இதுதான்.

நம் காலத்து மூலநிதியோ மூப்படைகிறது. 1990களின் நடுவில் வங்கி வைப்புக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடு அளவில் வட்டி கிடைத்தது. அன்று 5,000 ரூபாயில் ஒரு பரிசு நிறுவியவரின் வைப்பு ஆண்டுக்கு 600 ரூபாய் ஈன்றது. ஒரு மாணவனுக்குரிய பாடநூல்களை அதனால் வாங்க முடிந்தது. இன்று அதே முதலுக்கு ஏழு விழுக்காடு என்றாலும் 350 ரூபாய். ஒரு நல்ல அகராதிக்கும் போதாது. ஆனால் பலகையில் பெயர் மங்காமல் இருக்கிறது. ஆண்டுதோறும் மேடையில் படிக்கவும் படுகிறது. விளக்கு அணைந்த பிறகும் எரிவதாகச் சொல்லிக்கொண்டிருப்பது வாய்மை விரதத்தோடு எவ்வாறு பொருந்தும்? வட்டி முழுவதையும் செலவிடாமல் அதில் ஒரு பகுதியை முதலோடு சேர்ப்பதும், இருபது ஆண்டுக்கு ஒருமுறை கொடையாளர் குடும்பத்தாரிடம் நிலையை எடுத்துச் சொல்வதும், இயலாதபோது சிறிய வைப்புகள் பலவற்றை ஒன்றாக்குவதும் நம் காலத்தில் குட்டிகளை மந்தையில் சேர்ப்பது போன்றவை. பெயர்ப்பலகைக்குச் செலவிடும் கவலையில் பாதியை இதற்குச் செலவிட்டாலே போதும்.

இங்கே கர்மவீர் பாவுராவ் பாட்டீலை நினைக்கிறோம். 1887இல் கோலாப்பூர்ப் பகுதியிலுள்ள கும்போஜில் சமணக் குடும்பத்தில் பிறந்த அவர், 1919இல் ரயத் சிட்சண் சன்ஸ்தாவைத் தோற்றுவித்து, சாதி வேறுபாடின்றி ஏழை மாணவர்களை ஒரே விடுதியில் உண்டு உறங்கிப் படிக்கச் செய்தவர். 1947இல் சாத்தாராவில் சிவாஜி பெயரால் கல்லூரி தொடங்கினார். பெருந்தொகை தர முன்வந்த ஒருவர் அதற்குத் தம் பெயரை இடவேண்டும் என்றபோது, என் தந்தையின் பெயரை வேண்டுமானால் மாற்றிக்கொள்வேன், கல்லூரியின் பெயரை மாற்றேன் என்று விடையளித்ததாகச் சொல்வர். பணத்துக்கு அவர் தவிக்காத நாளில்லை என்பதையும் சேர்த்தே இதை எண்ண வேண்டும். விடுதி மாணவர்க்கு உணவுக்கு வழியில்லாத நாள்களில் அவருடைய துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை ஒவ்வொன்றாக விற்று, இறுதியில் மங்கல நாணையும் விற்றார். அந்தக் கொடையை எந்த வரிசையில் பொறிப்பது?

யாருக்கும் தெரியாமல் கொடுப்பதே உயர்ந்தது என்று முடிவுகட்டவும் நாம் துணியவில்லை. பெயரற்ற நன்கொடை ஓரளவுக்கு மேற்பட்டால் அறநிறுவனத்துக்கு வரி விதிக்கும் முறையை 2006ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொணர்ந்தது. ஆகவே கணக்கேட்டில் பெயரும் முகவரியும் வேண்டும். அது நல்லதே. மறைந்து கொடுத்ததை நாலுபேரிடம் மறைமுகமாகச் சொல்லிக்கொள்ளும் அடக்கத்தையும் நாம் கண்டிருக்கிறோம். அதைவிடப் பலகையே மேல்.

இவற்றையெல்லாம் இளைஞர்களிடம் எடுத்துரைத்தோம். ஒரு மாலை முழுவதும் வாதாடினார்கள். வரிசையை எடுத்துவிட்டால் தொகை குறையும் என்று பொருளாளர் சொன்னது பொய்யன்று. குறையலாம் என்றே நாமும் விடையளித்தோம். முடிவில், பெயர்கள் அகர வரிசையில் ஒரே அளவு எழுத்தில் அமையட்டும், படம் வேண்டா, நூறு ரூபாய் தந்தவர் பெயரும் இடம்பெறட்டும், நிதி எதற்கென்பது தலைப்பில் வரட்டும், ஆண்டுக் கணக்கு அப்பலகையின் கீழேயே ஒட்டப்படட்டும் என்று இசைந்தார்கள். வாக்களித்தவர்களிடம் இதைச் சொல்லி அவர்கள் இசைவைப் பெறாமல் பலகை செய்வது முறையன்று என்று அவர்களே கூறியது நமக்கு மகிழ்ச்சி தந்தது.

முதலில் ஐம்பதாயிரம் என்ற பெரியவர் வீட்டுக்குச் சென்றார்கள். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, ஒன்றரை இலட்சத்துக்கும் காசோலை எழுதிக் கொடுத்தார். பங்காளியோ பிள்ளைகளைக் கலந்து சொல்வதாகக் கூறியிருக்கிறார். கல்லில் எழுத்து வெட்டுபவர் பட்டியலுக்குக் காத்திருக்கிறார்.