விரதம்னு சொல்லிடலாமா?



கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் எனக்கு ஒரு யோசனை சொன்னான். "போற இடமெல்லாம் சீலியாக், குளூட்டன்னு பாடம் எடுக்காதடா. 'இன்னைக்கு விரதம்'னு ஒரே வார்த்தை சொல்லு. எவனும் அடுத்த கேள்வி கேட்க மாட்டான்."

அவன் சொன்னது வேலை செய்யும், அதுல சந்தேகமே இல்ல. சஷ்டி, கிருத்திகை, செவ்வாய்க்கிழமைன்னு சொன்னா நம்ம ஊர்ல நீட்டின கரண்டி தானா பின்வாங்கும். அதே இடத்துல "எனக்கு ஒத்துக்காது, நோய் இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுப்பா"ன்னு கரண்டி இன்னும் கிட்ட வரும். சாமிக்காக வேண்டாம் என்றால் மதிக்கிறோம், உடம்புக்காக வேண்டாம் என்றால் பேரம் பேசுகிறோம். இது ஏன் என்று கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொய்யைச் சொல்லலாமா என்பதும்தான்.

முதல்ல நோயைப் பத்தி, தெரியாதவங்களுக்காக. சீலியாக் அலர்ஜி இல்ல. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற விரல் மாதிரியான மெல்லிய முளைகள் மழுங்கித் தட்டையாகிவிடும். உலக அளவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். இதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் சிகிச்சை.

இது தெரியவந்த கதையே மனசைப் பிசையும். 1944-45 குளிர்காலத்தில், போர்க்காலத்து நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காத பஞ்சம். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல் ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. ஊரே பட்டினியில் வாடிய அந்த மாதங்களில் இந்த நோய் உள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடியும் சுருண்டு படுத்தார்கள். மத்தவங்களுக்கு உயிர் கொடுக்கிற சாப்பாடு இவங்களுக்கு மட்டும் எதிரி.

"கொஞ்சம்" என்பதன் அளவையும் சொல்லிடறேன். குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. நம்ம நாட்டு விதியும் அதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் "ஒரு வாய்" கேசரி ஒரு மலை.

"நீ தமிழன்தானே, இட்லி தோசை இருக்கே"ன்னு கேட்பாங்க. இருக்கு. ஆனா கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் நிறைய பிராண்டுகள் கோதுமை மாவு கலக்கின்றன. பெருங்காயம் இல்லாத சாம்பார், ரசம், புளியோதரை எங்கே இருக்கு? தினையில் குளூட்டன் இல்லை. வள்ளி காவல் காத்த தானியம் என்னைக் காப்பாத்திட்டு இருக்குன்னு அம்மா சொல்லுவாங்க. ஆனா கோதுமை அரைச்ச மில்லுலயே தினையை அரைச்சா அதுவும் போச்சு. வீட்டு மிக்ஸியில் அரைச்சாத்தான் உண்டு.

எனக்கு வயிறு பெரிசா தொந்தரவு பண்ணினதே இல்ல. கால்தான். ராத்திரி படுத்தா பாதம் ரெண்டும் தணல் மேல வச்ச மாதிரி எரியும், போர்வை பட்டாலே சுருக்குன்னு குத்தும். சீலியாக் நரம்பையும் பாதிக்கலாம். சத்து உறிஞ்சப்படாமல் பி12 மாதிரி விஷயங்கள் குறைந்தாலும் நரம்பு கெடும். முதலில் செய்த நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் "நார்மல்" என்று வந்தது. அந்த டெஸ்ட் தடிமனான நரம்பு இழைகளைத்தான் அளக்கும், எரிச்சலைச் சுமக்கிற மெல்லிய இழைகளை அளக்காது என்பது பின்னாடிதான் தெரிஞ்சது. கால் தோலில் ஒரு துளி எடுத்து இழைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் வலிக்கு ஒரு பேர் கிடைச்சது. நடுவுல இருந்த மாசங்கள்ல நான் "நார்மல்". கஸ்டமர் பக் இருக்குன்னு கதறும்போது "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது"ன்னு டெவலப்பர் சொல்வோமே, அதை உடம்புல அனுபவிச்சேன்னு வச்சுக்கோங்க.

நோயாளி சொல்லும் "வேண்டாம்" பேரத்துக்கு ஆளாவது ஏன் என்பதற்கு இங்கேதான் ஒரு பதில் கிடைக்குதுன்னு தோணுது. விரதம் இருக்கிறவன் சொல்வதைச் சோதிக்க யாரும் நினைக்க மாட்டோம். அது அவனுக்கும் சாமிக்கும் நடுவில் இருப்பது. வலியும் அதே மாதிரி வெளியில் இருந்து எட்டிப் பார்க்க முடியாத ஒன்றுதான். ஆனா அதுக்கு மட்டும் ரிப்போர்ட் கேட்கிறோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு பழமொழி வச்சிருக்கிற ஊருதான் இது. அப்படின்னா வராதவன் என்ன செய்யணும்? வந்தவன் சொல்றதை நம்பறதைத் தவிர அவன்கிட்ட வேற வழியே இல்லையே.

சரி, பொய். நண்பன் வள்ளுவரைத் துணைக்கு அழைச்சான். குற்றமில்லாத நன்மை வருமானால் பொய்யும் வாய்மையோடு சேரும் என்று அவரே சொல்லியிருக்காரே என்றான். நியாயமான வாதம். எனக்கு நன்மை, எதிரில் இருப்பவருக்கு மனக்கஷ்டம் இல்லை. ஆனா "குற்றமில்லாத" என்ற இடத்துல எனக்கு இடிக்குது. நான் விரதம்னு சொல்லித் தப்பிச்சா அந்த வீடு ஒண்ணும் கத்துக்காது. நாளைக்கு அதே வீட்டுல ஒரு குழந்தைக்கு இந்த நோய் வந்தா, அதுவும் "ஒரு வாய்"க்கு எதிரா தனியா நிற்கும். என் சௌகரியத்துக்கு அந்தக் குழந்தை விலை கொடுக்குது. அதோட, விரதம் சாயங்காலம் முடிஞ்சுடும். "முடிச்சதும் சாப்பிடு"ன்னு டிபன் பாக்ஸ்ல கட்டிக் கொடுத்துட்டா என்ன செய்ய?

இன்னொரு தயக்கமும் உண்டு. சாப்பிட முடிஞ்சவன் சாப்பிடாம இருக்கிறதுதான் விரதம். எனக்கு அந்தத் தேர்வே கிடையாது. "நீ தினமும் தவம் இருக்கேடா"ன்னு சிலர் பாசமா சொல்றாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் தவசி இல்ல, சீக்காளி. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் உண்மையிலேயே பசியோட இருக்கிறவங்களோட பேரை நான் கடன் வாங்கறது சரியாப் படல.

கொடுப்பவர் பக்கமும் பார்க்கணும். ஊர்ல பெரியம்மா எனக்காகவே தனிப் பாத்திரத்துல கேசரி கிளறி வச்சிருந்தாங்க. "கோதுமையே போடலப்பா, ரவைதான்." ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமைதான்னு அவங்களுக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம்னு சொல்றது எரிச்சலை விடக் கஷ்டம். ஆனாலும் சொன்னேன், பக்கத்துல உட்கார்ந்து ஏன்னு விளக்கினேன். இது அறியாமை, இதுல கோபப்பட ஒண்ணுமில்ல. இன்னொரு உறவினர், "சொன்னா சாப்பிட மாட்டேன்னுதான் சொல்லல"ன்னு சாப்பிட்ட பிறகு சிரிச்சார். இது வேற. என் உடம்புக்குள்ள என்ன போகுதுன்னு தீர்மானிக்கிற உரிமையை என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டார். அன்புன்னு பேர் வச்சாலும் அதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆயிரம் பேருக்கு அன்னதானம் போடுகிற இடத்தில் எனக்காகப் பெருங்காயத்தை மாத்துங்கன்னு கேட்கிற உரிமை எனக்கு இருப்பதா நான் நினைக்கல. என்ன போட்டிருக்குன்னு உண்மையைச் சொன்னா போதும். நான் பொய்க் காரணம் சொல்லாமல் இருப்பதும் அவர்கள் பொருளை மறைக்காமல் இருப்பதும் ஒரே கடமையின் ரெண்டு பக்கம். பிரசாதத்தை மறுக்கிறதும் இல்ல. கையில் வாங்கிக் கண்ணில் ஒத்திக்கிட்டு பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துடறேன். வாங்குவதுதான் பக்தி, விழுங்குவது ஜீரண வேலை என்று எடுத்துக்கிறேன். தப்புன்னு தோணினா கமெண்ட்ல சண்டை போடுங்க.

"பூர்வ ஜென்ம வினை"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. வினை உண்டா இல்லையான்னு நான் வாதாட வரல. என் கணக்கை நான் பார்த்துக்கிறேன், நீங்க கூட்டிச் சொல்ல வேண்டாம். அருணகிரிநாதரின் திருத்தணித் திருப்புகழ் ஒன்றில் வாதம், நீரிழிவு என்று நோய்களைப் பேர் பேராக அடுக்கி, இவை என்னை வருத்தக் கூடாது என்று கேட்பார். நோயை வரம்னு மெழுகவே இல்ல. வேண்டாததை வேண்டாம்னு முருகன்கிட்டயே நேராச் சொல்லலாம்னா, கேசரித் தட்டு நீட்டுறவர்கிட்ட சொல்லக் கூடாதா?

கடைசியா, படிக்கிறவங்கள்ல யாருக்காவது காரணம் தெரியாத ரத்தசோகையோ கால் எரிச்சலோ நாள்பட இருந்தா, சர்க்கரை, பி12 பார்க்கும்போதே டிடிஜி ரத்தப் பரிசோதனையும் தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அதுக்கு முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா ஆன்டிபாடி குறைஞ்சுபோய், நோய் இருந்தும் இல்லைன்னு ரிசல்ட் வந்துடும்.