காகம் இறங்காத பகல்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் செய்தோம். காவிரியில் முழுகி எழுந்து, பிண்டத்தை இலையில் வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு ஒதுங்கி நின்றோம். இனி எல்லாம் காகத்தின் அலகில். சுவர்மேல் நாலைந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை.

கால் மணி நேரம் போயிற்று. அத்தைதான் ஆரம்பித்தாள். “அண்ணனுக்கு ஏதோ மனக்குறை இருக்கு. என்னன்னு யோசிங்கடா.”

தம்பி கைகூப்பிக்கொண்டு முன்னே போனான். “அப்பா, தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க வாங்கின கடனை நான் அடைச்சிடறேன். சாப்பிடுங்கப்பா.” அப்படியொரு கடன் பாக்கி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வரப்புத் தகராறில் ஆறு வருஷம் எங்கள் வாசல் மிதிக்காத சித்தப்பா, “எல்லாத்தையும் விட்டுட்டேண்ணே” என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சுவர்மேல் இருந்தவை இறகு கோதிக்கொண்டிருந்தன.

நான் வாய் திறக்கவில்லை. கடைசி மூன்று மாதத்தில் அப்பா ஆறேழு முறை போனில் கூப்பிட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ‘இந்த வாரம் வர்றேம்ப்பா’ என்று சொல்லியிருந்தேன்.

செத்தவருக்குத் தீர்ப்புச் சொல்லும் மிருகத் தெய்வம் என்றதும் எகிப்துதான் நினைவுக்கு வரும். நரி முகத்து அனுபிஸ் தராசைச் சரிபார்ப்பார். ஒரு தட்டில் இறந்தவரின் இதயம், மறு தட்டில் மாஅத் என்ற நீதித் தேவதையின் இறகு. அரிவாள்மூக்கன் தலை கொண்ட தோத் கணக்கு எழுதுவார். இதயம் கனத்துவிட்டால் விழுங்குவதற்கு, முதலைத் தலையும் நீர்யானைப் பின்புறமுமாக அம்மித் பக்கத்திலேயே காத்திருக்கும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆனியின் பாப்பிரஸ் சுருளில் இந்தக் காட்சி இருக்கிறது. 3,000 ஆண்டுக்கும் மேல் பழையது. எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். இறந்தவர் 42 தெய்வங்கள் முன்னால் நின்று, திருடவில்லை, கொல்லவில்லை, பொய் பேசவில்லை என்று வரிசையாக மறுக்க வேண்டும். போதாததற்கு, இதயம் தனக்கெதிராகச் சாட்சி சொல்லிவிடாமல் இருக்க, மந்திரம் பொறித்த வண்டு உருவத்தை நெஞ்சின்மேல் வைத்து அனுப்பினார்கள். நல்ல வக்கீல் வைத்துக்கொள்வதுபோலத்தான்.

நம் காகத்திடம் தராசு இல்லை. அதற்கு இந்த அதிகாரம் வந்த கதை ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் இருக்கிறது. மருத்தன் செய்த யாகத்துக்கு ராவணன் வந்தபோது தேவர்கள் பயந்து ஒளிந்துகொண்டார்கள். இந்திரன் மயிலுக்குள், எமன் காகத்துக்குள். ஆபத்து நீங்கியதும், மனிதர் உனக்கு இட்டதை நீ தின்றால் என் உலகத்தில் இருப்பவர்கள் பசியாறுவார்கள் என்று எமன் அதற்கு வரம் கொடுத்தான். பயந்து ஒளிந்த எமன்! மண்ணச்சநல்லூர் தாண்டித் திருப்பைஞ்ஞீலிக்குப் போனால் இன்னொரு கதை. மார்க்கண்டேயனுக்காகத் திருக்கடையூரில் உதைபட்டுப் பதவி இழந்தவனுக்குச் சிவன் வேலையைத் திருப்பிக் கொடுத்த தலம் அது. நம் மரண தேவனுக்கே சர்வீஸ் ரெக்கார்டு அவ்வளவு சுத்தமில்லை.

அதனாலோ என்னவோ, அம்மா மண்டபத்துக் கோர்ட்டில் இறந்தவரை யாரும் விசாரிப்பதில்லை. அவர் வாதி. கூண்டில் நிற்பது ஈர வேட்டிக்காரர்கள். எகிப்தில் செத்தவன் மறுக்கிறான். இங்கே இருப்பவன் ஒப்புக்கொள்கிறான். அப்பா உயிரோடு இருந்து கேட்டபோதெல்லாம் கிடைக்காத பதில்கள், பறவை ஒன்று கேட்காமலே கிடைத்தன. அதுதான் எனக்கு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

காகத்தை நம்புகிறேனா? அன்று அமாவாசை. விடியற்காலையிலிருந்து படித்துறை முழுக்கப் பிண்டம். எந்தக் காகத்துக்கும் பசி இருந்திருக்காது. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சித்தப்பா துண்டை எடுத்துவிட்டுப் பழைய முகத்தோடு வீடு போயிருப்பார். ஆனால் நீதிபதியாகக் காகத்தைத் தேர்ந்தவர்கள் பறவையைக் கவனித்தவர்கள்தான் என்று தோன்றுகிறது. 2006-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முகமூடி மாட்டிக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விட்டார்கள். பல வருஷம் கழித்தும் அந்த முகமூடியைப் பார்த்தால் காகங்கள் கூட்டமாகக் கத்தின. தீங்கு செய்த முகத்தை அவை மறப்பதில்லை.

கடைசியில் சாஸ்திரிகள், “நேரமாறது, ஆத்துல விட்டுடுங்கோ” என்றார். விட்டோம். மீன்கள் வந்து தின்றன.

தை பிறப்பதற்குள் தம்பி கடனை அடைத்துவிட்டான். ரசீது அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகி இருக்கிறது. அன்று காகம் வரவேயில்லை.