நிக்காஹுக்கு முன் சொல்ல வேண்டியது



ஊருக்குப் போய் நிக்காஹ் முடித்துக்கொண்டு திரும்பும் பிள்ளைகள் நம் கடைகளில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். மண்டபம் எது, எத்தனை சஹன் சாப்பாடு, மஹர் எவ்வளவு என்பதையெல்லாம் மாதக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் ஒரு சங்கதியை மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறோம். மாப்பிள்ளையின் பாஸ் எத்தகையது, அதைக்கொண்டு மனைவியை இங்கே அழைத்து வைத்துக்கொள்ள முடியுமா முடியாதா என்பதே அது. இதனைப் பெண் வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்வது நம் கடமையா? அல்லது கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன், கடைக்காரன். இந்த விஷயத்தில் தவறு செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன என்று பார்ப்போம். சிங்கப்பூரில் எஸ் பாஸிலோ எம்ப்ளாய்மெண்ட் பாஸிலோ இருப்பவர், மாதம் 6,000 வெள்ளிக்குக் குறையாத நிலையான சம்பளம் பெற்றால்தான் மனைவிக்குச் சார்ந்தோர் பாஸ் கேட்கலாம். அதற்கும் முதலாளி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்த வழியே இல்லை. மலேசியாவிலும் தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர் குடும்பத்தைக் கூட்டி வர இயலாது. ஆகவே, கடையில் நிற்கும் பிள்ளைகளில் மிகப் பலருக்கு விடை முன்பே தெரிந்த விடைதான். தெரியாதது போல நாம் இருக்கிறோம், அவ்வளவே.

இனி என் கதையைச் சொல்கிறேன். 2018-ஆம் ஆண்டு விடுமுறையில் ஊர் போயிருந்தேன். என் கடைச் சிப்பந்தி ஒருவருக்குப் பெண் பேசும் இடத்துக்கு, முதலாளி என்ற மரியாதையில் என்னையும் அழைத்துப் போனார்கள். பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்து, “பிள்ளையை அங்கே கூட்டிக்கொள்வாரா, பாய்?” என்று கேட்டார். “இன்ஷா அல்லாஹ், ஒரு வருஷத்தில் ஆகிவிடும்” என்றேன். அந்தப் பையனுடைய சம்பளம் எனக்குத் தெரியும், கொடுப்பவனே நான். 6,000 வெள்ளியில் அது பாதியைச் சற்றே தாண்டும். ஒரு வருஷத்தில் அதை இரட்டிப்பாக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. இருந்தும் அப்படிச் சொன்னேன். சபை மகிழ்ந்தது, பழமும் சர்க்கரையும் வந்தன.

பயணம் போகப் போகிறவள்தானே என்று அந்தப் பெண் பி.எட். படிப்பைப் பாதியில் நிறுத்தினாள். விசிட் விசாவில் ஒரு முறை வந்து ஒரு மாதம் தங்கிப் போனாள். 2020-இல் நோய் வந்து எல்லைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு பிறந்த பிள்ளையை அதன் தகப்பன் முதன்முதலில் கையில் வாங்கியபோது அதற்கு ஒன்றரை வயது. 2022-இல் நான் ஊர் போயிருந்தபோது அவள் கோபப்படாமல் என்னிடம் சொன்னாள்: “மாமா, கூட்டிட்டுப் போக முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். படிப்பையாவது முடிச்சிருப்பேன்.”

இடையில் ஒரு நண்பர் எனக்கு ஓர் யோசனை சொல்லியிருந்தார். கணக்கில் 6,000 வெள்ளி சம்பளம் என்று காட்டி, மிச்சத்தைக் கையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார். “அரசாங்கத்திடம் பொய்க் கணக்குக் கொடுக்க மாட்டேன்” என்று உறுதியாக மறுத்தேன். என் நேர்மையை நினைத்துப் பெருமையும் பட்டேன். அப்பெண்ணின் சொல்லைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. அதிகாரிக்கு அஞ்சி ஒரு பொய்யை மறுத்த நான், ஒரு தகப்பனிடம் கூசாமல் இன்னொரு பொய்யைச் சொல்லியிருக்கிறேன். அதிலும் அல்லாஹ்வின் பெயரைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ் என்பது, முயற்சி செய்ய உறுதி கொண்டவன் முடிவை ஆண்டவனிடம் ஒப்படைக்கும் சொல். முயலும் எண்ணமே இல்லாதவன் அதைத் திரையாகப் பயன்படுத்தலாகாது.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் கையை விட்டுப் பார்த்த செய்தியை நாம் எல்லோரும் மதறஸாவில் ஓதியிருக்கிறோம். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றான் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று கண்டித்தார்கள். அந்த வியாபாரி வாயால் பொய் சொல்லவில்லை. மழையும் அவன் பெய்வித்ததன்று. மறைத்ததே குற்றமாயிற்று. நம் நிலையும் அதுதான். குடிநுழைவுச் சட்டம் நாம் எழுதியதன்று. ஆனால் அதை மூடி வைப்பது நம் கை. தன்னிடம் இல்லாததை விற்காதே என்பதும் நபிமொழியே. கிடைக்காத விசாவைச் சொல்லிப் பெண் கேட்பது வேறு எந்த வகையில் சேரும்? பெண் சரக்கல்லள். ஒரு மூட்டைத் தானியத்துக்கே மார்க்கம் இத்தனை கண்டிப்பு என்றால், ஒருத்தியின் வாழ்நாளுக்கு எத்தனை கண்டிப்பு இருக்கும் என்பதே என் கேள்வி.

“காலங்காலமாகச் சபுராளியின் மனைவி ஊரில்தானே இருந்தாள்?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிய நம் முன்னோர் பலர் கிட்டங்கிகளில் தனியாகவே காலங்கழித்தனர். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறினர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலோ பெண் தாய்வீட்டிலேயே வாழ்வது வழக்கம். ஆனால் அங்கே ஒளிவு இல்லை. கணவன் பயணம் போவான், தான் இங்கே இருப்பாள் என்று அறிந்தே பெண் சம்மதித்தாள். அறிந்து ஏற்பதும் ஏமாந்து சகிப்பதும் ஒன்றாகா. அந்தச் சகிப்புக்கும் எல்லை உண்டு. கணவன் படையில் போயிருக்கத் தனித்து வாடிய ஒரு பெண்ணின் குரலை இரவில் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, வீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு கட்டினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. நாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு கொடுத்துவிட்டு நல்ல முதலாளி என்று பெயர் வாங்குகிறோம்.

“எல்லாவற்றையும் சொன்னால் யார் பெண் கொடுப்பார்?” என்பது இன்னொரு கேள்வி. சிலர் கொடுக்க மாட்டார்கள். அது அவர்களுடைய உரிமை. கொடுப்பவர்கள் தெரிந்து கொடுப்பார்கள். குறையைச் சொல்லி விற்ற பொருளுக்கு வாடிக்கையாளர் சண்டைக்கு வருவதில்லை என்பது நமக்குத் தெரியாததா?

தூரம் நிக்காஹுக்குத் தடையன்று. உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் ஹபஷாவில் இருக்க, நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் இருந்தார்கள். நஜ்ஜாஷி மன்னர் நாயகத்தின் சார்பில் நிக்காஹை நடத்தி, மஹரையும் தாமே கொடுத்தார். அதோடு நிற்கவில்லை; அந்த அம்மையார் மதீனா போய்ச் சேரப் பயண ஏற்பாடும் செய்தார். நடுவில் நின்று நிக்காஹ் பேசுகிறவனின் பொறுப்பு எதுவரை போகிறது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

ஆகவே நம் சங்கத்தாருக்கு நான் சொல்லிக்கொள்வது இது. பாஸின் வகை, முடியும் தேதி, சம்பளம் ஆகிய மூன்றையும் முதலாளி ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அதைத் தகப்பனாரோடு நிறுத்தாமல் பெண்ணிடமும் காட்டட்டும். பிரிந்திருக்கப் போகிறவள் அவள். வர முடியாது என்றால், வருஷத்துக்கு எத்தனை முறை, எத்தனை நாள் கணவன் ஊர் வருவான் என்பதைப் பேசி எழுதிக்கொள்ளட்டும். நிக்காஹின்போது ஏற்ற நிபந்தனைகளே மற்றெல்லாவற்றிலும் முதலில் நிறைவேற்றத் தக்கவை என்பது நபிமொழி. அந்த லீவைக் கொடுப்பது முதலாளியின் கடன்.

சிங்கப்பூர்க் குடிமகன் ஊரில் பெண் எடுப்பதானால், நீண்டகால வருகை பாஸுக்கு அவள் தகுதி பெறுவாளா என்று திருமணத்துக்கு முன்பே விண்ணப்பித்து அறியும் ஏற்பாடு 2015 முதல் உள்ளது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் அதைச் செய்ய வேண்டும். ஊரில் முடிந்த நிக்காஹை, தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். ஜமாஅத் பதிவேட்டில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

என் கடைப் பிள்ளைக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை லீவு கொடுக்கிறேன். அப்பெண் படிப்பை மீண்டும் தொடங்கியிருக்கிறாள், செலவு என்னுடையது. இதைத் தர்மம் என்று எண்ணிவிடாதீர்கள், பாக்கியைக் கட்டுகிறேன். ஆயினும் போன வருஷங்களைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடைக்காரனாலும் முடியாது. என் போன்ற தவறை இன்னொருவர் செய்யாதிருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.