வெற்றி எவருடையது?

களத்தில் நிற்போர் ஐவர்; கைதட்டல் ஒருவருக்கு மட்டுமா? சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் மைக்கேல் ஜோர்டன் 1988, 1989, 1990 ஆகிய மூன்றாண்டுகளிலும் புள்ளிக் குவிப்பில் முதல்வர்; அணியோ மூன்றாண்டுகளிலும் டெட்ராய்ட்டிடம் தோற்றது. விதியா? அன்று! அந்த ஒருவரை மடக்கினால் அணியே மடங்கிற்று.

1989இல் தலைமைப் பயிற்சியாளரான பில் ஜாக்சன், உதவியாளர் டெக்ஸ் வின்டர் வளர்த்த முக்கோண முறையைப் புகுத்தினார். பந்து ஐவர் கையிலும் உலவிற்று. முதலாண்டில் தோல்வியே, முறையைக் கைவிட்டாரில்லை. 1991இல் கோப்பை! ஜோர்டனின் சராசரி சற்றே குறைந்தது, முதலிடம் போகவில்லை. 1997 இறுதித் தொடரை முடித்த ஆட்டத்தில், எதிரணியினர் தம்மை நெருக்கியபோது அவர் பந்தை ஸ்டீவ் கெர்ரிடம் தந்தார், கெர் எறிந்தார், வெற்றிப் புள்ளி விழுந்தது.

பகிர்ந்தால் திறமை தேயுமென அஞ்சும் தோழனே, சிந்தித்துப்பார்! வெற்றியில் 'நான்', தோல்வியில் 'அவன்' என்போன் அணியில் இருந்தும் தனியன். அடுத்தவனை நம்பிப் பந்தைத் தருபவனே வீரன்!