திருப்பிக் கொடுத்த கைத்தடி



அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவில், வெஞ்சுரா என்றொரு துறைமுகப் பட்டணம் உண்டு. அர்ச். யூனிப்பெரோ செர்ரா சுவாமியார் 1782-ம் வருஷம் பாஸ்குத் திருநாளன்று அங்கே அர்ச். பொனவெந்தூர் பேரால் ஒரு கோவிலை ஸ்தாபித்தார். ஊரின் பெயரும் அதிலிருந்தே வந்தது. காலையில் அங்கே படகேறினால், ஓங்கில்கள் துள்ளும் கடலைத் தாண்டி, சுமார் ஒரு மணி நேரத்தில் ஒரு தீவை அடையலாம். மாலையில் திரும்பிவிடலாம். தீவின் பெயர் சாந்தா குரூஸ், அதாவது திருச்சிலுவை. நம் கடற்கரைக் குடும்பங்களிலும் அந்தப் பெயர் உண்டல்லவா?

1980 முதல் அது அரசாங்கத்தின் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் உங்கள் மனதில் வரவேண்டாம். அங்கே கடை இல்லை, சாப்பாட்டு விடுதி இல்லை. கட்டுச்சோற்றோடு போகவேண்டும், தின்ற பழத்தின் தோலைக்கூடத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அட்டைப் பெட்டியைப் படகில் ஏற்றமாட்டார்கள். செருப்பில் ஒட்டிய மண்ணையும் விதையையும் கரையிலேயே துடைத்துவிட்டு வரச் சொல்லுகிறார்கள். ஏன் இத்தனை கண்டிப்பு? பட்ட பிறகு வந்த புத்தி.

அத்தீவில் ஒரு நரி இருக்கிறது. பூனை அளவுதான், இரண்டு கிலோ எடை. உங்கள் கூடை திறந்திருந்தால் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். இந்த நரி அடியோடு அழிந்துபோகப் பார்த்தது. அதைக் கொல்ல யாரும் நினைக்கவில்லை என்பதுதான் விசேஷம். தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த ஒரு தொழிற்சாலை, தன் டி.டி.டி. கழிவைப் பல வருஷம் சாக்கடை வழியாகக் கடலில் விட்டது. நம் வீட்டுச் சுவர்களில் மலேரியாவுக்காகத் தெளித்த அதே மருந்துதான். விஷம் மீனில் ஏறிற்று. மீனைத் தின்ற வெண்தலைக் கழுகின் முட்டை ஓடு மெலிந்து உடைந்தது. 1960-களின் தொடக்கத்துக்குள் அந்தக் கழுகு தீவுகளை விட்டு மறைந்தது. காலியான இடத்துக்குப் பொன்னிறக் கழுகு வந்தது. அதற்கு மீன் வேண்டாம், இறைச்சி வேண்டும். மனிதர் ஒருகாலத்தில் கொண்டுவந்து காடேறவிட்ட பன்றிகளின் குட்டிகள் அதற்கு இரையாயின. பிறகு நரி இரையாயிற்று. 1990-களில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த நரிகள், சில வருஷங்களில் நூற்றுக்கும் கீழே குறைந்துபோயின.

நல்ல மனசுள்ளவர்கள் வேலையில் இறங்கினார்கள். நரிகளைக் கூண்டில் வைத்துப் பெருக்கினார்கள். பொன்னிறக் கழுகுகளைப் பிடித்து அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். வெண்தலைக் கழுகுகளைத் திரும்பக் குடியேற்றினார்கள். 2006-ல் தீவில் குஞ்சு பொரித்தது. 2016-ல் நரியின் பெயர் ஆபத்தான ஜாபிதாவிலிருந்து நீங்கிற்று. ஆனால் ஐயாயிரத்துக்கும் அதிகமான பன்றிகளைச் சுட வேண்டியிருந்தது. அவை செய்த குற்றம் என்ன? டி.டி.டி. இன்னமும் கடலடியில் கிடக்கிறது. தாமதித்த பரிகாரத்துக்கு வட்டியும் சேர்ந்துவிடுகிறது.

இதை ஏன் உங்களுக்குச் சொல்லுகிறேன்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, “பக்கத்து நிலத்து வரப்பை ஒரு முழம் தள்ளிக் கட்டினேன், சுவாமி” என்கிறோம். கண்ணீரும் விடுகிறோம். நல்லது. பாவப்பொறுத்தல் பெற்று எழுந்து போகிறோம். வரப்பு எங்கே இருக்கிறது? தள்ளின இடத்திலேயே இருக்கிறது! சக்கேயு ஆண்டவர் முன்னிலையில் அழுததாகச் சுவிசேஷத்தில் இல்லை. நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்றான். வருகிற சனிக்கிழமை தொட்டிக்கு வருமுன் வயல்பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தீவுக்கு அந்தப் பெயர் வந்த கதையும் இதுதான். 1769-ல் ஒரு ஸ்பானியக் கப்பல் அங்கே தங்கிற்று. அதில் வந்த சுவாமியார், சிலுவை பொருத்திய தம் கைத்தடியைக் கரையில் மறந்து வைத்துவிட்டார். போனது போனதுதான் என்றிருந்தார். தீவில் வாழ்ந்த சூமாஷ் ஜனங்கள் மறுநாள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். ஞானஸ்நானம் பெறாதவர்கள், ஞானோபதேசம் கேளாதவர்கள்.

அவர்களுக்கு என்ன திருப்பிக் கிடைத்தது? ஐம்பது அறுபது வருஷத்துக்குள் தீவு வெறிச்சோடிப் போயிற்று. எதிர்க்கரையிலிருந்து வந்த அம்மை நோயில் பலர் மாண்டார்கள். மிஞ்சினவர்கள் எதிர்க்கரைக் கோவில்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். சொந்த இஷ்டப்படி ஊர் திரும்பும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை. நம் சபையைச் சேர்ந்தவர்கள் செய்ததாயிற்றே என்று இதை நான் மறைத்தால், இதுவரை சொன்னதெல்லாம் வீண். 2015 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் பொலிவியா தேசத்தில், அதுவும் சாந்தா குரூஸ் என்ற பெயருள்ள நகரத்திலேயே, அமெரிக்கப் பூர்வீக ஜனங்களுக்குத் திருச்சபை செய்த குற்றங்களுக்காகத் தாழ்மையோடு மன்னிப்புக் கேட்டார்.

சூமாஷ் ஜனங்களுக்குத் தோமோல் என்றொரு படகு உண்டு. பலகைகளைக் கயிற்றால் தைத்துத் தார் பூசியது, நம் மசூலாவைப் போல. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது அந்தக் கடலைக் கடந்ததில்லை. 2001-ல் அவர்களுடைய சந்ததியார், தாங்கள் கட்டிய ஒன்றில் துடுப்புப் போட்டுத் தீவுக்குப் போனார்கள். அதன்பின் பல வருஷங்களில், விடியுமுன் இருட்டிலேயே புறப்பட்டு, முறைமாற்றித் துடுப்புப் போட்டுப் போயிருக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் படகிறங்கும் அதே கரைக்கு அவர்களும் வந்து சேருகிறார்கள். சாந்தா குரூஸ் என்று அவர்கள் சொல்லுவதில்லை. லிமு என்கிறார்கள், அதுவே அந்தத் தீவின் முதற்பெயர். முந்தியே வந்து கரையில் காத்திருக்கும் குடும்பத்தார் பாடிக்கொண்டே தண்ணீரோரம் இறங்கி வருகிறார்கள்.