திறக்காத சிப்பி

பணத்தை இழந்தவர்கள் என்னிடம் வருவதுண்டு. பங்குச் சந்தைச் சட்டம் கற்பிப்பவன், ஏதாவது வழி சொல்வான் என்ற நம்பிக்கை. "யார் மேல கேஸ் போடலாம் சார்?" என்பார்கள். உங்களிடம் எதையாவது மறைத்தார்களா என்று கேட்பேன். பலருக்கு அந்தக் கேள்வியே கோபத்தைத் தரும். பணம் போய்விட்டதே, அது போதாதா?

போதாது. நட்டம் வேறு, மோசடி வேறு. எங்கள் தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலேதான் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே இருப்பது விற்பவருக்கும் தெரியாது. ஆனால் சலாபத்துக்கு முன்பே சிப்பி விளையும் கடலடிப் பார்களில் ஆள் இறக்கி, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளுக்கு விலை மதிப்பார்கள். அறிய முடிந்ததைச் சொல்லிவிட வேண்டும். மிச்சம் வாங்குபவரின் துணிச்சல். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்புக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டம் வளர்த்தெடுத்த விதிகளின் உயிரும் இதுதான்.

இதே ஊரில் 1906இல் வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள் எடுத்தார். காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம் என்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைந்தது.

பங்குதாரர்கள் இழந்தார்கள், ஏமாற்றப்படவில்லை. யாரோடு மோதுகிறோம் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அந்த 25 ரூபாயை ஏமாந்த பணம் என்று எழுத என் கை வராது.

இன்று எனக்குள்ள கவலை வேறு. புதிய பங்கு வெளியிடும் கம்பெனிகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆவணத்தில் ஆபத்துகளைப் பட்டியலிடுகின்றன. எல்லாவற்றையும் கொட்டியே முக்கியமானதைப் புதைத்துவிட முடியும். சட்டப்படி அதில் குறை காண்பதும் எளிதல்ல. அதனால் மாணவர்களிடம் அப்படியொரு ஆவணத்தைக் கொடுத்து, மீன் விற்கும் அம்மாவுக்கு விளங்கும்படி ஒரே பக்கத்தில் எழுதிவரச் சொல்கிறேன். அவர்கள் எழுத முடியாமல் திணறும் இடத்தை மூலத்தில் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அங்கேதான் கம்பெனியும் பூசி மெழுகியிருக்கிறது.